பதினைந்து குழுக்களில் சேர்ந்தால் நட்பு கிடைத்துவிடாது

"ஓய்வுபெற்ற பிறகு நண்பர்கள் வேண்டுமென்றால் இணையத்தில் பத்துப் பதினைந்து குழுக்களில் சேருங்கள், யாராவது அமைவார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இந்த யோசனை பலரையும் மனம் சலிக்க வைத்துவிடும்.

நட்பு வளர, அதே ஆட்களோடு திரும்பத் திரும்பப் பழகும் நேரம் வேண்டும். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் ஆகிறது. அவர் ஆராய்ந்தது ஊர் மாறியவர்களையும் புது மாணவர்களையும்தான். முதியவர்களுக்கு அதை அப்படியே பொருத்த வேண்டாம். ஆனாலும் கணக்குப் பாருங்கள்: வாரம் நான்கு மணி நேரத்தைப் பதினைந்து குழுக்களுக்குப் பிரித்தால் ஒன்றுக்குப் பதினாறு நிமிடம். ஓராண்டுக்கு 14 மணி நேரம்கூட வராது. அதுவும் ஒரு முழுக் குழுவுக்கு!

இரண்டு குழு போதும். ஒன்றாவது குறித்த நாளில், குறித்த நேரத்தில் குரலிலோ காணொளியிலோ கூடுவதாக இருக்கட்டும். வாசிப்பு, தோட்டம், சதுரங்கம், எதுவானாலும் சரி. யார் என்ன சொன்னார்கள் என்று கவனித்து, அடுத்த முறை பெயர் சொல்லிக் கேளுங்கள்: "போன வாரம் வாடியிருந்த ரோஜா துளிர்த்ததா?" காலை வணக்கப் படத்துக்கு யாரும் மனம் திறந்து பதில் எழுதுவதில்லை, இந்தக் கேள்விக்கு எழுதுவார்கள். சில மாதம் பழகியபின் ஒருவரிடம் மட்டும் "தனியே பேசலாமா?" என்று கேளுங்கள். பலர் தயங்கி நின்றுவிடுவது இங்கேதான். அதைச் செய்யாவிட்டால், குழு கலையும்போது பழக்கமும் போய்விடும்.

அறிமுகமான சில நாளிலேயே தனிப்பேச்சுக்கு இழுத்துப் பணம் கேட்பவரை உடனே தடுத்துவிட்டு, குழு நிர்வாகியிடம் சொல்லுங்கள்.