ஒரு ஜோக்குக்கு மூன்று மாதம் கடுங்காவல்

அன்றன்றைய சினிமா, கிரிக்கெட், அரசியல் செய்திகளை வைத்து ஜோக் எழுதும் பகுதி பத்திரிகைக்குத் தேவையா என்று உங்கள் இதழில் ஒரு கட்டுரையாளர் கேட்டிருக்கிறார். கண்டிப்பாகத் தேவை.

1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக் வந்தது. மேடையில் இரண்டு பேர். எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று கேள்வி. பிக்பாக்கெட் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் மந்திரி என்று பதில். அவ்வளவுதான். ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதம் கடுங்காவல் தண்டனை கொடுத்தது. ஊரெல்லாம் கண்டனம் எழவே, ஓரிரு நாளில் விடுதலை செய்தார்கள். அப்புறம் அவர் வழக்குப் போட்டு, 1994-இல் உயர்நீதிமன்றத்தில் 1,000 ரூபாய் இழப்பீடு வாங்கினார்.

அந்த இதழ் எங்கள் தெரு சலூனில் பல வாரம் கிடந்தது. அட்டை கிழிந்து, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. முடி வெட்டுகிறவர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு, பெஞ்சில் இருந்தவர்களுக்கு அதை வாசித்துக் காட்டுவார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பெரியவர்களும் குலுங்கிச் சிரித்தார்கள். தலையங்கம் எட்டாத இடம் அது.

கிரிக்கெட் பகுதியில் மட்டும் எனக்கு ஒரு வருத்தம். கேட்ச் விட்டவரைத் தாராளமாகக் கிண்டல் செய்யுங்கள், ஆனால் அவர் மனைவியை ஏன் இழுக்கிறீர்கள்? போன வாரம் அப்படி வந்த துணுக்கை எடுத்துவிடுங்கள்.