ரத்தம் கேட்டன், 'த்' தந்தாங்க

உங்கட வாட்ஸ்அப் குறூப்பிலயும் ஒரு ஆள் இருப்பார், இல்லையெண்டு சொல்லாதீங்க. செத்தவீட்டு அறிவித்தல் போட்டாலும் முதல்ல ஒற்றுத் தேடுற ஆள்.

நேற்று இரவு பெரியாஸ்பத்திரி வாசல்ல நிண்டுகொண்டு நான் போட்டது இவ்வளவுதான்: "ஓ நெகட்டிவ் இரத்தம் அவசரமாக தேவைபடுகிறது, உடனே தொடர்பு கொள்ளவும்." சின்னம்மாக்கு விடிய ஒப்பரேசன். ஓ நெகட்டிவ்காரர்ர ரத்தத்த ஆருக்கும் ஏத்தலாம், அவங்களுக்கு மட்டும் ஓ நெகட்டிவ்தான் வேணும். தேடிப் பாத்தவங்களுக்குத் தெரியும் அந்தப் பாடு. போன் அதிர்ந்திச்சு. உயிர் வந்திச்சு எனக்கு. திறந்து பாத்தா:

"மனே, அவசரமாகத் தேவை என்று வரும். த் மிகும்."

மிகுமாம்! ரத்தம் மிகல்ல, த் மிகுது.

முறைக்கு மாமா, தமிழ் படிப்பிச்சுப் பென்சன் எடுத்த மனுசன். "ஓம் மாமா" எண்டு போட்டன். மறுகா அதிருது. "தேவைப்படுகிறது. ப் விடுபட்டுள்ளது." மறுகா அதிருது. "இரத்தம் வடசொல். குருதி என்க." என்க! நடுச்சாமத்துல ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறவனுக்கு 'என்க'!

மறுகா நன்னூல் இறங்கிச்சு. "இயல்பினும் விதியினும் நின்ற உயிர்முன் க ச த ப மிகும்..." 13ஆம் நூற்றாண்டுல இருந்து பவணந்தி முனிவரே எழும்பி வாறார், ரத்தம் குடுக்க மட்டும் ஒருத்தரும் வரல்ல.

இதுக்குள்ள அக்கரைப்பற்றுல இருந்து இன்னொரு பண்டிதர் குதிச்சார். குருதியா, உதிரமா, செந்நீரா? காரைதீவுல பிறந்து 'யாழ் நூல்' தந்த விபுலானந்த அடிகள்ர மண்ணுல தமிழ் இப்பிடியாப் போச்சே எண்டு ஒரு அழுகை ஸ்டிக்கர். லண்டன்ல இருக்கிற மச்சான் கைதட்டிப் படம் போட்டான். என்ட மெசேஜ் எங்கயோ மேல போய்ட்டுது. புதுசாத் திறந்து பாக்கிறவன் தமிழ்த்தினப் போட்டி நடக்குது எண்டுதான் நினைப்பான்.

நன்னூல் எனக்கும் கொஞ்சம் தெரியும், ஏஎல் சோதினைக்குத் தமிழ் செய்தவன்தான். அதே நன்னூல்ல இதுவும் கிடக்கு: "உவப்பினும் உயர்வினும் சிறப்பினும் செறலினும் இழிப்பினும் பால்திணை இழுக்கினும் இயல்பே." சந்தோசத்துல பசுவப் பாத்து "என் அம்மை வந்தாள்" எண்டு சொல்லலாம். கோபத்துல மனுசனை அஃறிணையில சொல்லலாம். அது வழு இல்ல, வழுவமைதி. எனக்கு இப்ப நல்ல கோபம். ஆகவே இலக்கணப்படியே எழுதுறன்: மாமா டைப் பண்ணிக்கொண்டே இருந்திச்சு. அது நித்திரையே கொள்ளல்ல.

ரத்த வங்கியில 18க்கும் 60க்கும் இடைப்பட்ட ஆக்கள்ட்டத்தான் எடுப்பாங்க, அதால அதைக் கேக்கேலாது. ஆனா அதுர மகன்மார் ரெண்டு பேர், தேக்கு மரம் மாதிரி, அதே குறூப்பில இருக்காங்க. 50 கிலோ இருந்தாப் போதும் எண்டு வங்கி சொல்லுது, அவங்கள்ல ஒருத்தனே ரெண்டு ஆள் நிறை. ரெண்டு பேரும் பாத்திட்டாங்க, நீலக் கோடு விழுந்து கிடக்கு. என்ன வகை ரத்தம் எண்டு சொல்லக்கூட வாய் வரல்ல.

இவ்வளவு தமிழ்ப்பற்று! பஸ்ஸுல கர்ப்பிணித் தாய்மாரை 'கர்ப்பிணி நாய்மார்' ஆக்கின படம் நாடு முழுக்கச் சுத்தினப்போ இது எங்க போச்சு? தமிழும் அரசகரும மொழி எண்டு 1987இலயே அரசியலமைப்பில எழுதியாச்சு. இன்னும் கந்தோர்ப் பலகையள வாசிச்சா வயிறு எரியும். அங்க ஒரு கடிதம் போடேலாதா? போடாது. பதில் சிங்களத்துல வந்தா ஒற்றுத் திருத்தேலாதே.

கடைசியா ரத்தம் தந்தது ஏறாவூர்ப் பொடியன் ஒருத்தன். குறூப்பிலயே இல்லாதவன். ஆரோ என்ட மெசேஜை த்-உம் இல்லாம ப்-உம் இல்லாம அப்பிடியே அவனுக்குத் தள்ளிவிட்டிருக்காங்க. இங்கிலிஷ் எழுத்துல தமிழடிச்சு, குறில் நெடில் ஒண்டும் பாக்காம, "எங்க வரணும் அண்ணன்" எண்டு கேட்டான். மோட்டச்சைக்கிள்ல வந்தான், குடுத்தான், போய்ட்டான்.

குறூப்பில போட்டன்: "கிடைத்து விட்டது நன்றி."

"கிடைத்துவிட்டது. சேர்த்து எழுதுக. நன்றிக்கு முன் காற்புள்ளி இடுக."

வாசல்ல நிண்டு சிரிச்சன். செக்கியூரிட்டி அண்ணன் என்னை உள்ள சேக்கிறதா வெளியில விடுறதா எண்டு யோசிச்சிருப்பார். சின்னம்மா சுகம், அது போதும்.

விடியக்காலம் வீட்ட வந்து அப்பத்தான் தலையணையில தலை வைக்கிறன், பாண் ஆட்டோ. வந்தா வித்திட்டுப் போறதுதானே? அந்த டிங் டிங் பாட்டைப் போட்டுவிட்டு நம்மட கேற்றுக்கு முன்னால நிண்டு ஆரோடயோ போன்ல கதைக்கிறான். தெருவுல அஞ்சாறு வீடு கிடக்கு, நம்மட வீட்டுக்கு முன்னாலதான் அவனுக்குச் சிக்னல் வருமாம். எழும்பினதுக்கு ஒரு பாணாவது வாங்குவம் எண்டு போனா, அதுவும் நேற்றைய பாண்.