லேசர் முடி நீக்கம்: ‘ஒரே அமர்வில் நிரந்தரம்’ என்பது உண்மையல்ல

“லேசர் சிகிச்சையை ஒருமுறை செய்துகொண்டால் எவருக்கும் முடி மீண்டும் முளைக்காது, முளைத்தால் கருவி போலியானது” என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது. லேசர் ஒளியை உறிஞ்சி வெப்பமாக மாற்றுவது முடியில் உள்ள மெலனின் என்னும் நிறமி. அந்த வெப்பமே வேர்க்காலைச் சிதைக்கிறது. ஆகவே கருத்த, தடித்த முடியில் பலன் நன்கு தெரியும்; நரைமுடியில் பெரும்பாலும் தெரியாது. வளரும் பருவத்தில் உள்ள முடி மட்டுமே ஓர் அமர்வில் பாதிக்கப்படுவதால், சில வார இடைவெளியில் பல அமர்வுகள் தேவைப்படுகின்றன.

சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை (பிசிஓஎஸ்) உள்ள பெண்களுக்கு, ஹார்மோன் தூண்டுதலால் முகத்தில் புதிய முடி தொடர்ந்து வளரக்கூடும். அதற்காக அவர்கள் ஏமாற்றப்பட்டதாகக் கருதி வருந்தத் தேவையில்லை. நம்மில் பலருக்கு உள்ள மாநிற, கரிய தோலிலும் மெலனின் மிகுதி என்பதால், 1064 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட என்டி-யாக் (Nd:YAG) வகை லேசரே ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. பொருந்தாத லேசரைப் பயன்படுத்தினால் தீக்காயமும் கருந்திட்டும் ஏற்படலாம்.

அமெரிக்காவின் உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ சில கருவிகளுக்கு அனுமதித்திருப்பது ‘நிரந்தரக் குறைப்பு’ என்ற விளம்பரத்தைத்தான், முடி முழுவதும் நிரந்தரமாக நீங்கும் என்பதை அன்று. அதன் இணையதளத்தில் இதைச் சரிபார்க்கலாம். அருள்கூர்ந்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஐயமிருப்பின் தோல் மருத்துவரைக் கேளுங்கள்.