டீஃபால்ட்டாக ஆன், செலவு யார் தலையில்?

கேட்காமலே ஓடும் ஏதோ ஒரு வசதி ரேமையும் பேட்டரியையும் தின்கிறது என்று யாராவது புலம்பினால், ஐடி நண்பர்களிடமிருந்து ரெடியாக ஒரு பதில் வரும்: “வேண்டாம்னா செட்டிங்ஸ்ல போய் ஆஃப் பண்ணிக்கோங்க.” எனக்கு இந்தப் பதில் பிடிப்பதே இல்லை. முக்கால்வாசிப் பேர் செட்டிங்ஸ் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். எது ஆன் ஆகி வருகிறதோ அதோடுதான் காலம் தள்ளுவார்கள். அதனால் டீஃபால்ட்டை, அதாவது எது ஆன் ஆகி வர வேண்டும் என்பதை, முடிவு செய்கிறவன்தான் செலவையும் எடைபோட வேண்டும்.

அதற்காக எல்லாவற்றையும் ஆஃப் செய்தே கொடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். போனில் உள்ளதைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டி வைக்கும் என்கிரிப்ஷன், ஆண்ட்ராய்டில் வந்த கதையைப் பாருங்கள்.

2014 கடைசியில் லாலிபாப் என்ற ஆண்ட்ராய்டு பதிப்போடு வந்த நெக்ஸஸ் 6 போனில், பெட்டியைப் பிரிக்கும்போதே என்கிரிப்ஷன் ஆன். நல்லதுதான், போன் தொலைந்தாலும் உள்ளே இருப்பது அடுத்தவன் கையில் சிக்காது. ஆனால் ஸ்டோரேஜில் எதை எழுதினாலும் பூட்டி எழுத வேண்டும், எதைப் படித்தாலும் திறந்து படிக்க வேண்டும். அத்தனை வேலையும் பிராசசர் தலையில். ரிவ்யூ செய்தவர்கள் அளந்தபோது, படிக்கும் வேகம் பாதிக்கும் கீழே போயிருந்தது. அன்றைக்கு அது டாப் போன். அதே வருஷம் இந்தியாவில் ஆறாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு இறங்கிய ஆண்ட்ராய்டு ஒன் போன்களில் இருந்ததோ 1 ஜிபி ரேம், கார்ட்டெக்ஸ் ஏ7 என்ற சாதாரண பிராசசர். என்கிரிப்ஷனுக்கு வழக்கமாகப் பயன்படும் முறையான ஏஇஎஸ் கணக்கைப் போட அந்தச் சிப்பில் தனி வசதியே கிடையாது. அதில் இதை ஆன் செய்திருந்தால் போன் தவழ்ந்திருக்கும்.

கூகுளுக்கும் இது புரிந்தது. மற்ற கம்பெனிகளுக்குக் கட்டாயம் இல்லை என்று இறங்கி வந்தார்கள். 2015ல் அடுத்த பதிப்பான மார்ஷ்மெல்லோ வந்தபோது, நொடிக்கு 50 எம்பிக்கு மேல் ஏஇஎஸ் போட முடிகிற புது போன்களுக்கு மட்டும் கட்டாயம் என்று கோடு போட்டார்கள். கணக்குப்படி நியாயம்தான். ஆனால் விளைவு? காசு உள்ளவன் வீட்டுக்குப் பூட்டு, இல்லாதவன் வீடு திறந்தே கிடக்கட்டும் என்று ஆகிவிட்டது.

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்து நடந்ததுதான். அதே ஏ7 மாதிரி சிப்புகளுக்காகவே அடியாண்டம் என்று ஒரு புது முறையை உருவாக்கி 2019ல் வெளியிட்டார்கள். அந்தச் சிப்பில் அது ஏஇஎஸ்ஸை விடச் சுமார் 5 மடங்கு வேகம். அப்புறம்தான் ஆண்ட்ராய்டு 10ஓடு வருகிற எல்லாப் புது போனுக்கும் என்கிரிப்ஷன் கட்டாயம் என்றார்கள். முதலில் செலவைக் குறைத்தார்கள், பிறகு டீஃபால்ட் ஆக்கினார்கள். அஞ்சு வருஷம் ஆனால் என்ன!

இதற்கு நேரெதிர் 2015ல் விண்டோஸ் 10. ஹோம், ப்ரோ எடிஷன்களில் உங்கள் கம்ப்யூட்டர் இறக்கிய அப்டேட்டை இணையத்தில் முகம் தெரியாத யாருக்கோ அனுப்பிக்கொடுக்கும் வசதி ஆன் ஆகியே வந்தது. பெரிய நிறுவனங்கள் வாங்கும் எண்டர்பிரைஸ் எடிஷனிலோ அந்தப் பகிர்வு உள் நெட்வொர்க்கோடு நின்றுகொண்டது. கம்பெனிக்காரன் கேள்வி கேட்பான் என்று தெரிந்திருக்கிறது, பாருங்கள். வீட்டில் இருப்பவன், அப்லோடையும் சேர்த்துக் கணக்கு வைக்கிற பிளானில் மாசக் கடைசியை ஓட்டுகிறவன், அவன் டேட்டாவில் மைக்ரோசாஃப்ட்டின் சர்வருக்குச் சுமை குறைந்தது.

இரண்டிலும் வளம் செலவாகத்தான் செய்தது. முதலாவதில் செலவழித்தவனுக்கே பாதுகாப்பு கிடைத்தது. இரண்டாவதில் செலவு உங்களுடையது, பெரிய லாபம் அவர்களுடையது. இந்த இரண்டாவது ரகத்தை ஆஃப் செய்தே அனுப்ப வேண்டும், ஆன் செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இப்போது போனுக்குள்ளும் பிரவுசருக்குள்ளும் ஏஐ மாடல்களை இறக்குகிறார்கள். குரோமில் அந்த மாடல் வேலை செய்ய 22 ஜிபி இடம் காலியாக இருக்க வேண்டும் என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. சரி, அதில் எனக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் அதே திரையில் ஒரு வரி சொல்லிவிட்டு இறக்கட்டுமே.