மாயூரம் முன்சீபு வேதநாயகம் பிள்ளை

எழுத்தாலும் இறைநம்பிக்கையாலும் இரக்கத்தாலும் தம்மை ஆட்கொண்டவர்களைப் பற்றி ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதைப் படித்ததும், மயிலாடுதுறைக்காரனான எனக்கு, எங்கள் ஊர் மாயூரம் என்று வழங்கிய காலத்தில் இங்கே முன்சீபாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக இருந்த வேதநாயகம் பிள்ளையின் நினைவே முதலில் வந்தது. 1879-இல் தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை வெளியிட்டவர் என்ற அளவிலேயே பலரும் அவரை அறிவர். ஆனால், 1876-78-இல் வந்த தாது வருஷப் பஞ்சத்தில் ஊர் பசித்துக் கிடந்தபோது தம் கைப்பொருளைச் செலவிட்டு ஏழைகளின் பசியாற்றியவர் என்பதே என்னை அவர்பால் ஈர்த்தது. அந்த ஈகையைக் கண்டு நெகிழ்ந்த, 'நந்தனார் சரித்திரம்' இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார், மனிதருள் மேரு மலை போன்றவர் என்னும் பொருளில் 'நீயே புருஷ மேரு' என்று அவரைப் பாடினார். கத்தோலிக்கரான அவர், எச்சமயத்தாரும் பாடத்தக்க சர்வசமய சமரசக் கீர்த்தனைகளை இயற்றினார். சைவப் பற்று மிக்க என் தந்தையார், விளக்கு வைத்த பின் திண்ணையில் அமர்ந்து, தொடையில் தாளம் போட்டபடி அவற்றை மனமுருகிப் பாடுவார். பெண்கல்விக்காக வேதநாயகம் பிள்ளை எழுதியவை தனிக் கட்டுரைக்கே உரியவை. அக்கட்டுரையாளர் அதையும் எழுத வேண்டுகிறேன்.