பருப்பு வேகுதா என்று கேளுங்கள்

எங்கள் டீமில் இருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் ஒரு வீட்டு விளம்பரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அண்ணா, நீலாங்கரை. பீச்சுக்கு நடந்தே போயிடலாமாம். பாப்பாவுக்கு நல்லா இருக்கும்ல?" என்று கேட்டார். பதில் அடிக்க ஆரம்பித்தேன், அது பாட்டுக்கு நீண்டுகொண்டே போனது. சரி, சென்னையில் ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் சின்னப் பிள்ளைகளோடு வீடு தேடுகிற எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் என் கதை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியில் தரைத்தளத்தில் குடியிருந்தோம். பெரியவளுக்கு நாலு வயது, சின்னவன் கைக்குழந்தை. காலையில் வாசல்படியில் இருந்த தண்ணீர் மதியத்துக்குள் கட்டில் காலைத் தொட்டது. ஃபிரிட்ஜ் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து மிதந்ததை என் மகள் இன்னும் விளையாட்டுக் கதை போலச் சொல்கிறாள். மாடி வீட்டுக்காரர்கள் மூன்று நாள் எங்களை வைத்துச் சோறு போட்டார்கள். வடிந்த மறுவாரமே வீடு தேடக் கிளம்பி, இரண்டு மாத அலைச்சலுக்குப் பிறகு பாலவாக்கத்தில், சாலைக்குக் கிழக்கே, மீனவர் குப்பத்தை ஒட்டிய தெருவில் வந்து சேர்ந்தோம்.

"தண்ணிக்குப் பயந்துக்கிட்டு கடலுக்குப் பக்கத்துலயா போறீங்க?" என்று ஊரில் சிரித்தார்கள். சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் விஷயம் மண்ணில் இருக்கிறது. வேளச்சேரி பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரம். சுற்று வட்டார ஏரித் தண்ணீரெல்லாம் வந்து தேங்குகிற பள்ளம். திருவான்மியூரிலிருந்து தெற்கே கடலை ஒட்டிப் போகும் நிலமோ மணல் மேடு. எவ்வளவு மழை பெய்தாலும் குடிக்கும். இங்கே வந்த பிறகு பார்த்த மழைகளில், எங்கள் தெருவில் கணுக்கால் அளவு நின்ற தண்ணீர் ஒரு மணி நேரத்தில் காணாமல் போனது. இந்த மணலில் மழைநீர் வடிகால் வெட்டினால் நிலத்தடியில் இறங்க வேண்டிய தண்ணீரைக் கடலுக்குத் தள்ளிவிடுவோம் என்று சொல்லித்தான் இந்தப் பக்கத்து ஆட்கள் கோவளம் வடிநிலத் திட்டத்தை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள்.

அதே நீலாங்கரை, அதே பின்கோடு, ஆனால் சாலைக்கு மேற்கே உள்ளே போகப் போக நிலம் இறங்கும். இறங்கி இறங்கிப் பக்கிங்காம் கால்வாயில் போய் முடியும். ஈ.சி.ஆருக்கும் ஓ.எம்.ஆருக்கும் (பழைய மகாபலிபுரம் சாலை) நடுவே ஓடும் அந்தக் கால்வாயை எந்த விளம்பரத்திலும் பார்க்க முடியாது. பீச் ஒரு கிலோமீட்டர் என்று போட்டிருப்பான்; கால்வாய் இருநூறு மீட்டர் என்று போட மாட்டான். தம்பி அனுப்பிய வீடும் அந்தப் பக்கம்தான். மேப்பை விரித்து முதலில் இதைப் பாருங்கள்.

மேட்டுப் பக்கம் கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. அடுத்தது கிணறு. இதில் என் மாமியார்தான் எனக்கு வாத்தியார். மன்னார்குடிக்காரர். வீடு பார்க்க எங்களோடு வந்தவர், ஹாலையும் பால்கனியையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக அடுப்படிக்குப் போய், காலி செய்யப்போகும் அந்தப் பெண்ணிடம், "பருப்பு வேகுதாம்மா?" என்றார். அந்தப் பெண் ஓனர் இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, "கேன் தண்ணில வெச்சா வேகும்மா" என்றாள். மாமியார் குழாய் மூட்டில் படிந்திருந்த வெள்ளைப் பொருக்கை நகத்தால் சுரண்டிக் காட்டிவிட்டு வெளியே வந்துவிட்டார். அப்படி ஐந்து வீடுகள். ஆறாவது வீட்டில் கிணற்றுத் தண்ணீரைக் கையில் வாங்கி ஒரு வாய் குடித்து, "இது தேவலாம்" என்றார். அதுதான் இப்போது இருக்கும் வீடு.

தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகமானால் பருப்பு இளகாது. உப்பு ஏறிவிட்டால் பால்கூடத் திரியும். ஓனர் சொல்லாததை அடுப்பு சொல்லிவிடும்.

கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் நல்ல தண்ணீர் எப்படி என்று எனக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது. மழைநீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு, அவ்வளவுதான். கணக்கு என்னவென்றால், கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் தாங்கும். திருப்பிப் போட்டுப் பாருங்கள்: மேலே ஒரு அடி குறைந்தால் கீழே 40 அடி உப்பு ஏறி வரும். அதனால்தான் ஆழமில்லாத பழைய உறைக்கிணறு உள்ள வீட்டில் தண்ணீர் இனிக்கும். பக்கத்திலேயே 'ஆழமா போட்டிருக்கோம் சார்' என்று பெருமை பேசும் அடுக்குமாடியின் போர்வெல்லில் கரிக்கும். எத்தனை அடி போர்வெல் என்று கேட்டு, பெரிய எண் சொன்னால் சந்தோஷப்படாதீர்கள்.

மணலுக்கு இன்னொரு குணம் உண்டு. நல்லதை உறிஞ்சுகிற மாதிரி கழிவையும் உறிஞ்சும். இந்த ஊர்களெல்லாம் 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்தவை, பாதாளச் சாக்கடை எல்லாத் தெருவுக்கும் ஒரே நேரத்தில் வந்துவிடவில்லை. செப்டிக் டேங்க் எங்கே, கிணறு எங்கே, நடுவில் எத்தனை அடி என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீர். 2019-இல் ஏரிகள் வறண்டு நகரமே குடத்தோடு நின்றதைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் இரண்டாவது ஆலை 2024-இல் வந்த பிறகு நிலைமை பரவாயில்லை என்றாலும், தண்ணி லாரி இன்னும் எங்கள் பக்கம் வந்துகொண்டுதான் இருக்கிறது.

துருவைப் பற்றி ஒரே வரி: ஏ.சி. வெளி யூனிட், ஜன்னல் கம்பி, குழந்தை சைக்கிள் செயின், எல்லாம் போகும், பழகிவிடும்.

சுனாமி வந்தால் என்ன செய்வாய் என்று கேட்பவர்களுக்கு: 2004-க்குப் பிறகு எச்சரிக்கை மையம் வந்திருக்கிறது. 2012 ஏப்ரலில் சுமத்ரா நிலநடுக்கத்தின்போது கடற்கரையைக் காலி செய்யச் சொன்னார்கள். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் என்னை ராத்திரி தூங்கவிடாதது கடல் அல்ல, ஈ.சி.ஆர்.தான். வார நாட்களில் லாரியும் பஸ்ஸும். சனி, ஞாயிறுகளில் ரிசார்ட்டுக்குப் பறக்கும் கார்களும் பைக்குகளும். அகலப்படுத்தும் வேலை நடக்கும் இடங்களில் நடைபாதை என்று ஒன்று இருப்பதில்லை. ஒரு கையில் மகள், இன்னொரு கையில் அவள் பை, வண்டி நிற்குமா நிற்காதா என்று டிரைவரின் கண்ணைப் பார்த்துக்கொண்டு சாலையைக் கடந்த முதல் மாதத்தை நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. பிறகு பள்ளியை மாற்றினோம். புதிய பள்ளிக்குப் பேர் கொஞ்சம் கம்மிதான், ஆனால் எங்கள் பக்கம் இருக்கிறது. பள்ளி சாலைக்கு எந்தப் பக்கமோ, வீடும் அந்தப் பக்கம். இதில் சமரசமே வேண்டாம்.

குப்பத்துக்குப் பக்கத்திலா, வாசனை வருமே என்று முகம் சுளிப்பவர்கள் நம் சொந்தத்திலேயே உண்டு. எங்களுக்கும் ஆரம்பத்தில் ஒரு தயக்கம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பங்களாத் தெருக்களில் கடலுக்குப் போகும் வழியில் கேட் போட்டு, "யார் வீட்டுக்கு?" என்று வாட்ச்மேன் நிறுத்துகிறார். குப்பத்துத் தெரு மட்டும்தான் யாரையும் கேட்காமல் கடலுக்குப் போகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் காசிமேட்டு விசைப்படகுகள் நின்றாலும், இங்கே ஃபைபர் படகுகள் போய்வரும். காரப்பொடி மீனும் நெத்திலியும் வாசலுக்கே வந்துவிடும்.

அங்கே வலை பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர். என் மகளுக்கு அவர் தாத்தா. கடல் நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் வன்னி, தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் தெண்டி என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். ஒருநாள் நான் அவளைக் காலை நனைக்கக் கூட்டிப்போனபோது கூப்பிட்டு நிறுத்தினார். "அங்க எறங்காத கண்ணு. அலை ஒடையாத எடம் அது. தண்ணி திரும்பிப் போற வழி, ஆளையும் உள்ள இழுத்துடும்." பார்த்தேன். இரண்டு பக்கமும் வெள்ளையாக நுரைத்து உடைகிறது, நடுவில் பத்தடி அகலத்துக்கு மட்டும் வழவழவென்று அமைதி. விவரம் தெரியாதவன் குழந்தையோடு அந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுப்பான். நானும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் எழுதிவிட்டு இன்னொன்றையும் சொல்லாவிட்டால் மனசு கேட்காது. கடற்கரைப் புறநகர் என்றதும் நமக்கு ஈ.சி.ஆர். மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. வடசென்னையின் எண்ணூரும் கடற்கரைதான். நாங்கள் வேளச்சேரியில் சேறு அள்ளிய அதே டிசம்பரில் அங்கே முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்து கிடந்தது. மாதக் கடைசியில் அமோனியா கசிந்து ஜனங்கள் நடுராத்திரியில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர்களில் பலருக்கு நம்மைப் போலத் தேர்ந்தெடுக்கிற வசதி இல்லை.

வாங்கலாமா என்று கேட்டால், என் கருத்து, வேண்டாம். கடலுக்கு 500 மீட்டருக்குள் கட்டடம் கட்டுவதைக் கட்டுப்படுத்தும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் வேறு இருக்கின்றன. பிள்ளைகள் சின்னதாக இருக்கும் இந்த ஏழெட்டு வருஷத்துக்கு வாடகையே போதும். வேளச்சேரியை விட மாதம் ஆறாயிரம் கூடத்தான் கொடுக்கிறோம். அதற்கு என்ன கிடைத்தது? மார்ச்சில் பங்குனி ஆமைக் குஞ்சுகள் கடலுக்குப் போவதைப் பார்க்க பெசன்ட் நகர் இருபது நிமிஷம். 2024 அக்டோபரில் ஒரு ராத்திரி அலை நீலமாக ஒளிர்கிறது என்று தெருவே எழுந்து ஓடியது. தூக்கத்தில் இருந்தவளைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்த்தவள், "யாருப்பா லைட் போட்டா?" என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கிவிட்டாள்.

தம்பி, அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், சேர்ந்தே போய்ப் பார்க்கலாம். மாமியாரும் இங்கேதான் இருக்கிறார்.