பந்து இல்லாமல் பத்து நாள்

மூன்று நாளாக எதுவும் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நம் ஊர்ப் பிள்ளைகளின் கால்பந்து கேம்ப்பில் எடுத்த அந்த வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். கிரவுண்டைச் சுற்றி ஓடும் பத்து வயசுப் பையன் எட்டாவது ரவுண்டில் வாந்தி எடுத்து உட்கார்கிறான், "எழும்பு, இன்னும் ரெண்டு ரவுண்டு இருக்கு" என்று ஒரு குரல் வருகிறது, அதற்குக் கீழே நம் ஊர்க்காரர்கள் வரிசையாகக் கைதட்டல் படம் போடுகிறார்கள். எனக்கு அந்தக் கைதட்டல்தான் இன்னும் ஆறவில்லை. அன்றைக்கு அதன் கீழே நான் எழுதியது ஒரே ஒரு வரி: "சின்னப் பிள்ளைகளுக்கு முதல் நாளே பந்தைக் கொடுங்கள்." அதற்குத்தான் "பால்வாடி கோச்" என்று பெயர் வைத்தீர்கள்.

சரி, விளக்கமாகவே சொல்கிறேன். பள்ளி திறந்ததும் பள்ளிகளுக்கு இடையே குறுவட்டப் போட்டி வரும், அதற்கு முன்னால் லீவில் கேம்ப் போடுவது நல்ல விஷயம், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் முதல் பத்து நாள் பந்தையே கண்ணில் காட்டாமல் ரவுண்ட், தவளைத் தாவல், தண்டால் என்று போவது யாருக்காக? கேட்டால் "ஸ்டாமினா வரணும்" என்கிறீர்கள். கால்பந்தில் யார் ஒரே வேகத்தில் பத்து ரவுண்ட் ஓடுகிறார்கள்? பாய்ந்து ஓடணும், சட்டென்று நிற்கணும், திரும்பணும், மறுபடி பாயணும். நாலு பேருக்கு நாலு பேர் என்று சின்ன இடத்தில் விளையாட விடுங்கள், மூன்று நிமிஷம் ஆட்டம், ஒரு நிமிஷம் தண்ணீர், மறுபடி ஆட்டம். அந்த ஸ்டாமினா தானாக வரும், பிள்ளைகளுக்கு ஓடியதே தெரியாது. வரிசையில் நிற்க வைத்து கோலுக்கு அடிக்கச் சொல்வதும் எனக்குப் பிடிக்காது. இருபது பேர், ஒரு பந்து, ஆளுக்கு அரை நிமிஷம் என்றால் ஒருவனுக்கு அடுத்த முறை வரப் பத்து நிமிஷம். ஒரு மணி நேரத்தில் ஆறு தடவைதான் பந்தை அடிப்பான். அதற்காகவா காலை அஞ்சரைக்கு எழுப்பிக் கூட்டி வந்தோம்?

நான் என்ன செய்கிறேன் என்று கேட்டவர்களுக்கு. நம் கிளித்தட்டு எல்லோருக்கும் தெரியும். கோட்டில் காவல் நிற்பவனிடம் அகப்படாமல் கடக்கும் விளையாட்டு. அதே கோடுகள், அதே காவல். கடப்பவன் மட்டும் காலில் பந்தோடு கடக்கணும். காவல் நிற்பவன் பந்தைத் தட்டிவிட்டால் அவுட். ஒரு வாரம் ஆடினால் தலையைத் தூக்கிப் பார்த்துப் பந்தை ஓட்டத் தெரிந்துவிடும், இதை எந்த ரவுண்டும் சொல்லித் தராது. சின்னதுகளுக்கு சுறா விளையாட்டு: இரண்டு பேர் சுறா, மற்ற எல்லோரும் ஆளுக்கொரு பந்தோடு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போகணும். கடற்கரைப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். "சாரே, இன்னொரு தடவை" என்று அவர்களேதான் கேட்பார்கள்.

"இதெல்லாம் விளையாட்டு, பயிற்சி இல்லை" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். அண்ணே, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவே 7 முதல் 13 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு '11+ கிட்ஸ்' என்று ஒரு வார்ம்-அப் வைத்திருக்கிறது. மொத்தம் ஏழே பயிற்சிகள். ஒற்றைக் காலில் நின்று பந்தை எறிந்து பிடிப்பது, விழுந்து உருள்வது, அதில் ஒன்றுக்கு ஸ்பைடர்மேன் என்றே பெயர். ஐரோப்பாவில் நாலு நாடுகளில் சோதித்துப் பார்த்து, அதைத் தொடர்ந்து செய்த பிள்ளைகளுக்கு அடிபடுவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று 2018இல் எழுதியிருக்கிறார்கள். அதுவும் பால்வாடியா?

"பந்துக்குக் காசு எங்கே?" என்றும் கேட்டார்கள். இது நியாயமான கேள்வி. எட்டுப் பேருக்கு ஒரு பந்து என்றால்கூட நாலுக்கு நாலு நடத்தலாம். பதினாறு பேருக்கு இரண்டு பந்து போதும். பத்து வயசுக்கு 4ஆம் நம்பர் பந்து வாங்குங்கள், பெரியவர்களின் 5ஆம் நம்பர் அந்தக் காலுக்குக் கனம். மற்றபடி "ஒழுக்கம் போயிடும்" என்ற பேச்சுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

"மைக்கேல் சூசைராஜ் எல்லாம் கொஞ்சிக் கொஞ்சியா வளர்ந்தார்?" என்று கேட்கிறீர்கள். இந்தியாவுக்கு ஆடிய நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கால்பந்து வீரர் அவர். அவர் பிறந்த கடற்கரை ஊரான இரவிபுத்தன்துறைக்கு ஒரு சாயங்காலம் போய் நின்று பாருங்கள். நடக்கத் தெரிந்த பிள்ளை எல்லாம் மணலில் பந்தோடு நிற்கும். அதைக் கற்றுக்கொடுக்க அங்கே விசில் ஊதியவர் யார்?

அப்புறம் அந்த வாக்கியம். "நாங்களும் இப்படித்தான் வளர்ந்தோம், செத்தா போயிட்டோம்?" இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நானும் என் தம்பியும் ஒரே கேம்ப்புக்குத்தான் போனோம். எனக்குப் பதினாலு, அவனுக்குப் பன்னிரண்டு. என்னைவிட அவன்தான் நல்ல ஆட்டக்காரன், அந்த இடது கால் எனக்கு இன்றைக்கும் வராது. ஒரு நாள் கால் மணி நேரம் லேட்டாக வந்தான் என்று கிரவுண்ட் முழுக்கத் தவளைத் தாவல் போட வைத்தார்கள். முட்டி வீங்கிவிட்டது. பெரிய பையன்கள் சிரித்தார்கள், நானும் அவர்களோடு நின்றேன், ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் அவன் எழுந்திருக்கவில்லை. அம்மா இரண்டு நாள் எழுப்பிப் பார்த்தார், அப்புறம் விட்டுவிட்டார். நான் மாவட்ட டீம் வரைக்கும் போனேன், அந்தப் போட்டோவைத்தான் நீங்கள் குரூப்பில் போட்டு "பார், இவனே இப்படி வளர்ந்தவன்தான்" என்றீர்கள். அந்தப் போட்டோவில் என் தம்பி இல்லை. இருந்திருக்க வேண்டியவன்.

கோச்சின் மேல் எனக்குப் பகை இல்லை. அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். உங்கள் மேல்தான் வருத்தம். பெற்ற பிள்ளையை அங்கே விட்டுவிட்டு வெளியே பைக்கில் உட்கார்ந்து அதை வீடியோ எடுத்தவர்கள் மேல். ஒருவர்கூட ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டு உள்ளே ஓடவில்லையே மக்கா.

கேம்ப்பின் கடைசி நாள் எத்தனை பேர் கப் வாங்கினார்கள் என்று எண்ணுகிறீர்கள். முதல் நாள் வந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் வாரம் வந்தார்கள் என்று எண்ணுங்கள். நான் அதைத்தான் எண்ணுகிறேன், வேறு கணக்கு எனக்குத் தெரியாது.

நேற்று சாயங்காலம் அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். உங்களில் யாராவது போனீர்களா? நம் கிரவுண்டுக்கு அனுப்புங்கள், பந்து உண்டு, ரவுண்ட் கிடையாது என்று சொல்லலாம் என்றுதான் போனேன். அவன் உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. பூட்ஸைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டதாக அவன் அம்மா சொன்னார்.